அபேட் போட்டும் சாகாத கொசுப்புழு: இயற்கைத் தேர்வைக் கணக்கோடு விளக்க முடியுமா?

#1 தண்டையார்பேட்டை_டீச்சர்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தில் இங்கிலாந்து விட்டில்பூச்சியும் கலாபகோஸ் குருவியும் இருக்கின்றன. பிள்ளைகள் படித்து எழுதிவிடுவார்கள். ஆனால் பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று மூன்று பக்கமும் கால்வாய் ஓடும் இடத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் பறந்துகொண்டிருக்கிறது.

அபேட் என்ற கொசுப்புழு மருந்து போட்டும் புழு ஏன் சாகவில்லை என்று கேட்டதற்கு ஒரு மாணவி எழுதிய விடை இது: "திரும்பத் திரும்ப மருந்து அடித்ததால் கொசுவின் உடல் அதைத் தாங்கப் பழகியது. அந்தத் தாங்கும் சக்தியைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுத்தது." தவறு என்று சிவப்பு மையில் எழுதுவது எளிது. ஏன் தவறு, சரியானது எப்படி நடக்கிறது, எத்தனை தலைமுறையில் நடக்கிறது என்பதை எண்களோடு காட்ட வேண்டும். கொசு மருந்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் வகுப்பில் செய்து பார்க்க வழி உண்டா என்றும் சொல்லுங்கள்.

#2 பூச்சியியல்_பெரம்பூர்

டீச்சர், முதலில் எந்தக் கொசு என்று பிரித்துக்கொள்வோம். அதைப் பிரிக்காவிட்டால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும். கால்வாய்ச் சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து நகரத்து மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி. ட்ரம், டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் ஏடிஸ் எஜிப்டை. மூன்றுக்கும் வாழிடம் வேறு, மேலே விழும் மருந்து வேறு. அதனால் எது பிழைக்கும் என்று தீர்மானிக்கும் தேர்வு அழுத்தமும் வேறு.

அபேட் என்று நாம் சொல்வது டெமிஃபாஸ். இது ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். நரம்புச் சந்திப்பில் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. நரம்பு அணையாமல் துடித்துப் புழு செத்துப் போகிறது. இதிலிருந்து தப்ப க்யூலெக்ஸிடம் முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, எஸ்டெரேஸ் என்ற இன்னொரு நொதியின் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பது. அந்த நொதி ஏராளமாகச் சுரந்து, மருந்து நரம்பைச் சேரும் முன்பே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது, குறியாக இருக்கும் நொதியிலேயே 119-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் செரின் என்ற இன்னொன்று வந்திருப்பது. மருந்து அங்கே சரியாகப் பொருந்தாது.

கொசுவர்த்தி, கரண்டில் சொருகும் லிக்விட் இவற்றில் இருப்பது பைரெத்ராய்டு. அது தாக்குவது நரம்பின் சோடியம் வாய்க்காலை. அங்கே 1014-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனைன் வந்தால் மருந்தின் பிடி தளர்ந்துவிடும்.

இந்த மாற்றங்களில் எதையும் ஒரு கொசு தன் வாழ்நாளில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. முட்டையிலிருந்து வரும்போதே இருக்கும், அல்லது இருக்காது. மருந்து விழுந்த அன்று இல்லாதவை சாகின்றன, இருப்பவை முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறையில் எந்தத் தனிக் கொசுவும் "மாறவில்லை". கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற விகிதம்தான் மாறியிருக்கிறது. மாணவியின் விடையில் பிழை இருப்பது சரியாக இந்த இடத்தில்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள். க்யூலெக்ஸ் ஒரு முட்டைத் தெப்பத்தில் 100 முதல் 300 முட்டை வரை இடும். கூட்டத்தின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க வேண்டுமானால், ஒரு தாயின் பிள்ளைகளில் சராசரியாக இரண்டே இரண்டுதான் பிழைத்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் எப்படியும் சாகிறது. அந்த இரண்டு எவை என்பதை மருந்து தீர்மானிக்க ஆரம்பிக்கும்போது விகிதம் வேகமாகச் சாய்கிறது.

#3 மணலி_இன்ஜினியர்

நல்ல விளக்கம் சார். ஒரு சந்தேகம். மருந்தே அந்த மரபணு மாற்றத்தை, அதாவது சடுதிமாற்றத்தை, உண்டாக்கவில்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்? மருந்து அடித்த பிறகுதானே எதிர்ப்பு தெரிகிறது? முன்பே இருந்தது என்றால் ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

#4 மரபணு_ராயபுரம்

இந்தக் கேள்வியை 1943-இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துத் தீர்த்தார்கள். அந்தச் சோதனையின் அழகே அதன் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பல சிறு குழாய்களில் தனித்தனியாகப் பாக்டீரியாவை வளர்க்கிறோம். ஒவ்வொன்றையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டில் ஊற்றுகிறோம். வைரஸைப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால், எல்லாத் தட்டிலும் பிழைப்பவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். சராசரியும் மாறுபாட்டு அளவும் நெருங்கி வரும். மாறாக, குழாயில் வளரும்போதே தற்செயலாகச் சடுதிமாற்றம் வந்திருந்தால், சீக்கிரம் வந்த குழாயில் அது பெருகி நூற்றுக்கணக்கில் இருக்கும். கடைசியில் வந்த குழாயில் ஒன்றிரண்டு. வராத குழாயில் பூஜ்யம். அவர்கள் கண்டது இரண்டாவது நிலைதான்: பல தட்டுகள் காலி, சில தட்டுகளில் மட்டும் ஏராளம். 1952-இல் லெடர்பர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் தட்டிலிருந்து தட்டுக்கு அச்சு எடுத்து, மருந்தையே காணாத மூலத் தட்டில் எதிர்ப்புள்ள கூட்டம் முன்பே எந்த இடத்தில் இருந்தது என்று காட்டினார்கள்.

ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு: மருந்து இல்லாத காலத்தில் இந்த மாற்றங்கள் கொசுவுக்குச் சுமை. 119-ஆம் இட மாற்றம் வந்த நொதி தன் சாதாரண வேலையை மந்தமாகச் செய்கிறது. எஸ்டெரேஸை அளவுக்கு மீறிச் சுரப்பதற்கும் செலவு உண்டு. அதனால் புதிதாக வரும், குறையும், மிக அபூர்வமாகவே கூட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு தகவல் முக்கியம். பெருகிய எஸ்டெரேஸ் மரபணுக்களில் பி2 என்ற வகையை ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் எடுத்துப் பார்த்து 1991-இல் ஓர் ஆய்வு வந்தது. மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. பகுதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் அப்படி இருக்காது. எங்கோ ஒருமுறை தோன்றியது கப்பலிலும் விமானத்திலும் ஏறி உலகைச் சுற்றியிருக்கிறது. ஆகவே ஓர் ஊரில் சடுதிமாற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வந்து இறங்கினாலே போதும், மிச்சத்தை இங்கே அடிக்கும் மருந்து பார்த்துக்கொள்ளும்.

#5 கணக்கு_வியாசை

டீச்சர் கேட்ட எண்கள்.

எதிர்ப்பு மரபணு வடிவத்துக்கு R, சாதாரண வடிவத்துக்கு S. ஒவ்வொரு புழுவிடமும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும்: SS, RS அல்லது RR. தொடக்கத்தில் R ஆயிரத்தில் ஒன்று (0.001). மருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் SS புழுக்களில் 80 சதவீதத்தைக் கொல்கிறது. R-இன் சுமையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் நிலை: RS-உம் RR போலவே முழுதாகப் பிழைக்கிறது. R-இன் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை இப்படி ஏறும்: 0.001, 0.005, 0.024, 0.10, 0.28, 0.48. ஐந்தாம் தலைமுறையில் பிறக்கும் புழுக்களில் 73 சதவீதத்திடம் ஒரு R ஆவது இருக்கும். சென்னை வெயிலில் க்யூலெக்ஸுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய இரண்டு வாரம். ஆக, இரண்டரை மாதம். முதல் இரண்டு தலைமுறையில் கொசு நன்றாகக் குறைந்திருக்கும், எல்லோருக்கும் திருப்தி. அந்த நேரத்தில் R ஐந்து மடங்கு, மறுபடி ஐந்து மடங்கு என்று ஏறிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

இரண்டாம் நிலை: மருந்து புழுக்களில் பாதிப் பேரை மட்டுமே எட்டுகிறது. மற்ற பாதி மருந்து படாத மூலையில் வளர்கிறது. அதே 73 சதவீதத்தைத் தொட இப்போது சுமார் 16 தலைமுறை ஆகும். மருந்து படாத மூலையில் SS பிழைத்து வந்து கலப்பதால் R-இன் வேகம் இறங்குகிறது.

மூன்றாம் நிலைதான் எல்லோரும் பார்க்க வேண்டியது. மருந்தின் அளவு RS-ஐயும் SS போலவே கொல்கிறது, RR மட்டும் பிழைக்கிறது என்று வையுங்கள். 0.001 இருந்த R அடுத்த தலைமுறையில் 0.001004. அவ்வளவுதான். ஏனென்றால் R அபூர்வமாக இருக்கும்போது ஆயிரத்தில் 999 R-கள் RS-க்குள்தான் இருக்கும், RR என்பது பத்து லட்சத்தில் ஒன்று. இந்த வேகத்தில் R மேலே வரச் சுமார் 250 தலைமுறை, அதாவது பத்து ஆண்டு பிடிக்கும்.

அதே மரபணு, அதே மருந்து. RS பிழைக்கிறதா சாகிறதா என்ற ஒரே வித்தியாசத்தில் இரண்டரை மாதம் பத்து ஆண்டாகிறது.

#6 கொருக்குப்பேட்டை_களப்பணி

கணக்கு சரி அண்ணே. ஆனா RS சாவதும் பிழைப்பதும் மரபணுவில் மட்டும் இல்லை, மருந்தின் அளவிலும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா, இழை படிக்கிறவங்க இது நம்ம கையில் இல்லைன்னு நினைச்சுக்குவாங்க.

குடிநீர் ட்ரம்மை எடுத்துக்குங்க. டெமிஃபாஸ் குடிதண்ணியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 சதவீத மணல் மருந்துன்னா 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் ட்ரம்முக்கு 20 கிராம். அதுக்கு மேல போடக் கூடாது. "நல்லா சாகட்டும்"னு இரண்டு மடங்கு கொட்டுறது குடிக்கிற தண்ணியில் விளையாடுறது.

சிக்கல் அடுத்த நாள் ஆரம்பிக்கும். தண்ணி லாரி வரும்போது பாதி இருக்கிற ட்ரம்மை நிரப்புவாங்க. மருந்து முழுசும் தண்ணியில் கரைஞ்சு நின்னா, தினமும் பாதி எடுத்துப் பாதி ஊத்தினா 1, 0.5, 0.25ன்னு இறங்கி ஆறாம் நாள் 0.016 மில்லிகிராம்தான் இருக்கும். மணல் மருந்து மெதுவா கசியும், ட்ரம் சுவரிலும் ஒட்டும், அதனால உண்மையில் இவ்வளவு வேகமா இறங்காது. ஆனா இறங்கும். இறங்கும் வழியில் ஒரு கட்டம் வரும்: SS சாகும், RS பிழைக்கும். அந்த நாட்களில் அந்த ட்ரம் முதல் நிலைக் கணக்குல ஓடுது.

கால்வாயில் இன்னும் மோசம். 50 சதவீத டெமிஃபாஸ் திரவத்தை 10 லிட்டர் தண்ணிக்கு 2.5 மில்லி கலந்து அடிக்கிறோம். ஆகாயத்தாமரை மூடின இடத்தில் மருந்து இலை மேலேயே நிக்கும். சேறும் கழிவும் மருந்தை உறிஞ்சும். ஓடுற தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகும். ஒரே கால்வாய்ல நடுவுல முழு அளவு, ஓரத்துல கால் அளவு, பாலத்தடியில் ஒண்ணும் இல்லை. அதனால அடிக்கிறதுக்கு முன்னாடி ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் எடுக்கணும்னு சொல்றது அழகுக்காக இல்லை. மருந்து சீரா இறங்க அது ஒண்ணுதான் வழி.

#7 பூச்சியியல்_பெரம்பூர்

களப்பணித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். முழு அளவு பலன் தருவது R அபூர்வமாக இருக்கும்போதுதான். R ஏற்கனவே 0.3, 0.4 என்று ஏறிவிட்ட கூட்டத்தில் RR நிறைய இருக்கும். அங்கே முழு அளவு போட்டால் போட்டியாளர்களை அகற்றி RR-க்கு இடம் விட்டுக் கொடுக்கிறோம். அந்த நிலையில் மருந்தின் குடும்பத்தையே மாற்ற வேண்டும்.

மாற்றும்போதும் லேபிளில் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. டெமிஃபாஸ், ஃபென்தியான், மாலத்தியான் மூன்றும் ஆர்கனோபாஸ்பேட்தான். கார்பமேட் வேறு குடும்பம் என்றாலும் தாக்குவது அதே நொதியை. 119-ஆம் இட மாற்றம் அதற்கும் எதிர்ப்புத் தரும். டி.டி.டி.யும் பைரெத்ராய்டும் வேதியியலில் தூரத்து உறவுகூட இல்லை, ஆனால் இரண்டுக்கும் குறி சோடியம் வாய்க்கால். டி.டி.டி. காலத்தில் தேர்வான மரபணு வடிவம், பைரெத்ராய்டு சந்தைக்கு வரும் முன்பே காத்திருந்தது.

உயிரி மருந்திலும் இதே கணக்கு உண்டு. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ., நான்கு முக்கிய நச்சுப் புரதங்களோடு வருகிறது. அதில் சைட்1ஏ என்ற புரதம் மற்றவற்றுக்கு எதிரான எதிர்ப்பு எழுவதைத் தாமதப்படுத்துகிறது. ஒரே நேரத்தில் இத்தனைக்கும் தப்பும் புழு கிடைப்பது அரிது. பேசில்லஸ் ஸ்ஃபெரிகஸ் வேறு மாதிரி. அதன் இரட்டை நச்சு புழுவின் குடலில் ஒரே ஏற்பியை (நச்சு ஒட்டிக்கொள்ளும் புரதம்) பிடித்துத்தான் வேலை செய்கிறது. அந்த ஒரு ஏற்பி கெட்டுப் போனால் புழு தப்பிவிடும். கொச்சியில் க்யூலெக்ஸ் கூட்டம் இதற்கு மிக உயர்ந்த எதிர்ப்பு காட்டியது 1995-இலேயே பதிவாகியிருக்கிறது.

வட சென்னைக்கு இது தர்மசங்கடம். சாக்கடைத் தண்ணீரில் பி.டி.ஐ. சீக்கிரம் செயலிழக்கும், அடிக்கடி போட வேண்டும். ஸ்ஃபெரிகஸ் அழுக்குத் தண்ணீரில் நீண்ட நாள் நிற்கும், ஆனால் எதிர்ப்பு எழும் அபாயம் அதிகம். என் கருத்து: கால்வாயில் இரண்டையும் கலந்தோ மாற்றி மாற்றியோ போடுவது, தூர் வாரி ஓட்டத்தைத் திறப்பது. ஸ்ஃபெரிகஸை மட்டும் வருடம் முழுக்கப் போடுவது, கொச்சிக்குப் பிறகும் அதைச் செய்வது, நியாயப்படுத்த முடியாத காரியம்.

#8 மணலி_இன்ஜினியர்

எங்கள் தெருக் கால்வாயில் எதிர்ப்பு எழுந்திருக்கிறதா, அல்லது மருந்து சரியாகப் படவில்லையா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

#9 பூச்சியியல்_பெரம்பூர்

ஆய்வகத்தில்தான் பிரிக்க முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் புழுச் சோதனை முறை இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம், பள்ளியில் வேண்டாம்.

கால்வாயில் கரண்டி வைத்து ஒரே இடத்தில் அள்ளக் கூடாது. ஒரே தெப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் உடன்பிறப்புகள், ஒரே மரபணுவைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்போம். பல இடங்களில் அள்ளி, முடிந்தால் ஆய்வகத்தில் ஒரு தலைமுறை வளர்த்து, அவற்றின் பிள்ளைகளைச் சோதிப்பது நல்லது. புழு தோலுரித்து வளரும் நான்கு கட்டங்களில் மூன்றாவதின் முடிவிலோ நான்காவதின் தொடக்கத்திலோ உள்ள புழு வேண்டும். குளோரின் இல்லாத தண்ணீர். மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு.

ஒரு குவளைக்கு 25 புழு. ஒரு செறிவுக்கு நான்கு குவளை. கட்டுப்பாட்டுக் குவளைகளில் மருந்து இருக்காது. ஆனால் மருந்தைக் கரைத்த எத்தனால் அல்லது அசிட்டோன் அதே அளவு இருக்க வேண்டும், இல்லையென்றால் எது கொன்றது என்று தெரியாது. தண்ணீர் ஆழம் 5 முதல் 10 சென்டிமீட்டர். 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். ஊசியால் தொட்டும் மேலே வர முடியாமலோ கீழே மூழ்க முடியாமலோ கிடப்பதும் செத்ததாகவே கணக்கு.

கட்டுப்பாட்டில் 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் முழுச் சோதனையையும் தூக்கிப் போடுங்கள். 5 முதல் 20 என்றால் ஆபட் திருத்தம்: சோதனைச் சாவிலிருந்து கட்டுப்பாட்டுச் சாவைக் கழித்து, நூறிலிருந்து கட்டுப்பாட்டைக் கழித்ததால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். சோதனையில் 84, கட்டுப்பாட்டில் 10 என்றால் 74-ஐ 90-ஆல் வகுத்து 82.2 சதவீதம். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழுவாகிவிட்டாலும் சோதனை செல்லாது. கூட்டுப்புழு உணவு உட்கொள்வதில்லை, அதன் சாவை மற்றவற்றோடு சேர்த்து எண்ண முடியாது.

சுத்தமான தண்ணீரில் வைத்த இந்தச் சோதனையில் எல்லாம் சாகிறது, கால்வாயில் மட்டும் சாகவில்லை என்றால், குற்றம் மருந்து போட்ட விதத்தில். இங்கேயும் பிழைக்கிறது என்றால் எதிர்ப்பு.

#10 காசிமேடு_கடலோடி

கொசுவுக்கு மருந்து மாதிரி மீனுக்கு வலை. பெருசு மாட்டும், சிறுசு கண்ணுல பூந்து தப்பும். வருஷக் கணக்கா அப்படியே புடிச்சா சின்னதா இருக்கிற மீனே தேர்வாகாதா? ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை இருக்கே, அது இதைத் தடுக்குமா?

#11 மரபணு_ராயபுரம்

அண்ணா, கேள்வி அருமை. கானோவர், மன்ச் என்ற இரண்டு பேர் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டியில் வளர்த்துச் செய்த சோதனை 2002-இல் வெளியானது. ஒரு கூட்டத்தில் தலைமுறைதோறும் பெரிய 90 சதவீத மீனைப் பிடித்தார்கள், இன்னொன்றில் சிறிய 90 சதவீதத்தை. நான்கே தலைமுறையில், பெரியதைப் பிடித்த கூட்டத்தின் மொத்த எடை மற்றதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மிஞ்சியவை மெதுவாக வளரும் மீன்கள். பிடிப்பதை நிறுத்திய பிறகு அளவு மீண்டது, ஆனால் இறங்கிய வேகத்தில் ஏறவில்லை.

ஆனால் காசிமேட்டில் மீன் சிறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பரிணாமம் என்று சொல்லிவிடக் கூடாது. அதிகம் பிடித்தால் வயதான மீன்கள் தீர்ந்து இளசுகள் மட்டும் மிஞ்சும், சராசரி அளவு இறங்கும். அதற்கு மரபணு மாற வேண்டியதே இல்லை. இரை, தண்ணீர்ச் சூடு மாறினாலும் வளர்ச்சி மாறும். இரண்டு கூட்டத்தின் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில், ஒரே தீனியில் வளர்த்த பிறகும் வித்தியாசம் நின்றால்தான் அது மரபணு மாற்றம். சில்வர்சைடு சோதனையில் அதைத்தான் செய்தார்கள்.

தடைக்காலம் முட்டையிடும் மீனைக் காப்பாற்றுகிறது, அது பெரிய காரியம். எந்த அளவு மீன் வலையில் சிக்குகிறது என்பதை அது மாற்றாது. தடை முடிந்து போகும் படகில் அதே கண் அளவு வலை என்றால் தேர்வின் திசையும் அதேதான். வலைக் கண்ணைப் பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பும், அதுவும் தேவை. ஆனால் பெரியதைத் தேர்ந்து பிடிப்பது கூடும். மிகப் பெரிய தாய் மீன்களுக்குப் பாதுகாப்புத் தர, மீன் பிடிக்கவே கூடாத பகுதிகள் வேண்டும்.

#12 தண்டையார்பேட்டை_டீச்சர்

மருந்தை நிறுத்தினால் R தானாகக் குறையுமா? சுமை என்று சொன்னீர்களே.

#13 மரபணு_ராயபுரம்

பல இடங்களில் குறைகிறது, டீச்சர். ஆப்பிரிக்காவில் மலாவி நாடு 1993-இல் மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுப்பதை நிறுத்தியது. சில ஆண்டுகளில் எதிர்ப்புள்ள ஒட்டுண்ணி கிட்டத்தட்ட மறைந்து, பழைய வகை திரும்பியது. பிரான்சில் மான்பெலியே பகுதியில் 1960-களின் முடிவிலிருந்து கடலோரப் பட்டையில் மட்டும் ஆர்கனோபாஸ்பேட் அடித்தார்கள். அங்கே க்யூலெக்ஸில் R-இன் விகிதம் கடலோரத்தில் உயர்ந்தும், உள்ளே போகப் போக இறங்கியும் இருந்தது. மருந்து ஓரிடத்தில் ஏற்றிவிடுகிறது, சுமை இன்னோரிடத்தில் இறக்கிவிடுகிறது, பறக்கும் கொசு இரண்டையும் கலக்கிறது.

ஆனால் காலம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். அதே க்யூலெக்ஸில் சாதாரண நொதி மரபணுவும் மாறிய நொதி மரபணுவும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்த இரட்டிப்புகள் தோன்றியிருக்கின்றன. இவற்றிடம் எதிர்ப்பும் உண்டு, சாதாரண வேலைக்கான நொதியும் உண்டு. சுமை இறங்கிவிட்ட R, மருந்தை நிறுத்தினாலும் முன்புபோலக் குறையாது. நீண்ட நாள் ஒரே மருந்தை அழுத்தினால் இத்தகைய திருத்தங்கள் தேர்வாக நேரம் கிடைக்கிறது.

#14 மணலி_இன்ஜினியர்

லண்டன் சுரங்க ரயிலில் நூறே வருடத்தில் புதுக் கொசு இனம் உண்டானது என்று படித்தேன். வகுப்பில் அதைச் சொல்லலாமே டீச்சர்.

#15 மரபணு_ராயபுரம்

சொல்ல வேண்டாம். 2025-இல் வந்த பெரிய மரபணு ஆய்வு அந்தக் கதையை மறுத்துவிட்டது. அந்த வகை மத்திய கிழக்குப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதக் குடியிருப்புகளோடு சேர்ந்து உருவானது. சுரங்கத்துக்குள் பிறகு குடியேறியது. கொசு எதிர்ப்பில் நாம் பார்ப்பது ஓர் இனத்துக்குள் மரபணு விகிதம் மாறுவது. புது இனம் உருவாக இனக்கலப்பு நிற்க வேண்டும், அது தனிப் பாடம்.

#16 கணக்கு_வியாசை

டீச்சர், வகுப்புச் சோதனை. பாசி மணிக் கடையில் ஒரே அளவில் இரண்டு நிறம் வாங்குங்கள். அளவு வேறானால் விரல் தெரிந்துகொண்டுவிடும், குலுக்கல் கெட்டுப் போகும்.

ஒரு குழுவுக்கு ஒரு துணிப்பை, 190 வெள்ளை (S), 10 சிவப்பு (R), ஒரு தாயக்கட்டை போதாது, ஆறு முகப் பகடை. பார்க்காமல் இரண்டிரண்டாக எடுங்கள். ஒரு ஜோடி ஒரு புழு, மொத்தம் 100 புழு. இரண்டும் வெள்ளையானால் பகடை போடுங்கள்: 6 விழுந்தால் பிழைக்கும், மற்றதெல்லாம் சாவு. இரண்டும் சிவப்பானால் பகடை இல்லாமலே பிழைக்கும். கலப்பு ஜோடிக்கு: "அரை அளவு" குழுவில் பகடை இல்லாமலே பிழைக்கும், "முழு அளவு" குழுவில் வெள்ளை ஜோடி போலவே பகடை.

பிழைத்தவற்றின் மணிகளை எண்ணிச் சிவப்பின் விகிதம் காணுங்கள். அதே விகிதத்தில் மறுபடி 200 மணி பைக்குள். மூன்று தலைமுறை ஓட்ட ஒரு பாடவேளைக்குக் கொஞ்சம் மேல் ஆகும், இரட்டைப் பாடவேளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்க வேண்டியது: 5 சதவீதத்தில் தொடங்கும் சிவப்பு, அரை அளவுக் குழுவில் சராசரியாக 20, 43, 59 என்று ஏறும். முழு அளவுக் குழுவில் 6, 8, 11.

வழக்கமாக நடக்கும் பிழை: செத்த ஜோடியைப் பைக்குள் திருப்பிப் போட்டுவிடுவது. செத்தவற்றுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். இன்னொன்று, சிவப்பு வரும் ஜோடிகளை மட்டும் எண்ணுவது.

#17 தண்டையார்பேட்டை_டீச்சர்

மிக்க நன்றி சார். முழு அளவுக் குழுவில் பிழைப்பது பதினாறு, பதினேழு புழுதானே? அதில் சிவப்பே இல்லாமல் போய்விட்டால் பிள்ளைகள் சோதனை தோற்றது என்பார்கள்.

#18 கணக்கு_வியாசை

போகும். முதல் தலைமுறையிலேயே ஏறக்குறைய எட்டுக் குழுவில் ஒன்றுக்குச் சிவப்பு முழுதாக மறைய வாய்ப்பு உண்டு. சுமார் பத்துக் கலப்பு ஜோடிதான் இருக்கும், அத்தனைக்கும் 6 விழாமல் போகலாம். அது மரபணு நகர்வு. சிறு கூட்டத்தில் தேர்வோடு சேர்ந்து தற்செயலும் விகிதத்தை மாற்றும். கால்வாயில் லட்சக்கணக்கில் இருப்பதால் அங்கே அதன் பங்கு குறைவு, ஒற்றை ட்ரம்மில் அதிகம்.

அந்தக் குழுவை மறுபடி ஆடச் சொல்லாதீர்கள். பூஜ்யத்தையும் சேர்த்தே வகுப்புச் சராசரி எடுங்கள், இல்லையென்றால் சராசரி மேலே தள்ளிப் போகும். சராசரி எடுத்து முடித்த பிறகு நேரம் இருந்தால், அந்தக் குழுவின் பையில் ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு, பக்கத்து அரை அளவுக் குழுவிடமிருந்து ஒரு சிவப்பு மணி வாங்கிப் போட்டு இன்னும் மூன்று தலைமுறை ஓட்டச் சொல்லுங்கள். ராயபுரத்தார் சொன்ன கப்பல் வந்து இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முறை அந்தக் குழு அரை அளவு விதியில் ஆடட்டும், அந்த ஒரு மணி எங்கே போகிறது என்று பலகையில் குறித்து வையுங்கள்.